பதினொரு ஆட்டமும் நூற்று நாற்பத்தைந்து ஆட்டமும்
(நெடுந்தீவில் விளையாட்டு அன்பர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



குறிகட்டுவானிலிருந்து படகேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலையோடு ஆடிக் கரை சேர்ந்தோம். கல்வேலிகளும் பனைகளும் நிறைந்த இத்தீவிலே கிரிக்கெட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். உழவர்களும் உத்தியோகத்தர்களும் கூடிய அவையிலே விளையாட்டுப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பேச வந்தது விளையாட்டைப் பற்றி மட்டுமன்று. பிழைப்பைப் பற்றியும் உரிமையைப் பற்றியுமாகும். இரண்டு தமிழ்த் துடுப்பாட்ட வீரரின் வரலாற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாமவர் மகாதேவா சதாசிவம். 1915-ஆம் ஆண்டு பிறந்தவர். கொழும்பு வெஸ்லி கல்லூரியில் படித்து, தமிழ் யூனியன் கழகத்தின் சார்பிலே ஆடியவர். 1947-ஆம் ஆண்டு சென்னைச் சேப்பாக்கத்திலே தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் எடுத்த 215 ஓட்டங்களைக் கண்டவர்கள் நெடுநாள் மறக்கவில்லை. 1948-இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியிலே கொழும்பில் இறங்கி ஆடியபோது, இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் இவரே. 1950-இல் பொதுநலவாய அணிக்கு எதிராக 96 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் சிங்கப்பூர் அணிக்கும் மலாயா அணிக்கும் தலைவராக விளங்கினார். மூன்று நாடுகளுக்குத் தலைமை தாங்கிய தமிழன் என்று நாம் பெருமை பேசுகின்றோம். பேசவும் வேண்டியதுதான்.

ஆனால், கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தோமானால் நெஞ்சு கனக்கின்றது. இத்துணைப் பெரிய வீரர் தம் வாழ்நாள் முழுவதிலும் ஆடிய முதல்தர ஆட்டங்கள் எத்தனை? பதினொன்று! எடுத்த ஓட்டங்கள் 753; சராசரி 41.83, சதங்கள் மூன்று. அவ்வளவே ஏட்டில் நிற்பது. அவருடைய கையிலே குறையில்லை. ஆடுவதற்கு ஆட்டம் இல்லை. உள்நாட்டிலே முதல்தரத் தகுதி பெற்ற போட்டி எதுவும் அந்நாளில் இலங்கையில் இல்லை. வெளிநாட்டு அணி கப்பலேறி வந்தால் ஓர் ஆட்டம். வராவிட்டால் அதுவும் இல்லை. 1981-இல் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. 1982-இல் முதல் டெஸ்ட் ஆட்டம் தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்திலேயே நடைபெற்றது. சதாசிவமோ 1977-லேயே கண்மூடிவிட்டார்.

இரண்டாமவர் சுப்பிரமணியம் பத்ரிநாத். 1980-இல் பிறந்த சென்னைக்காரர். சதாசிவத்திற்கு உலகம் சூட்டிய புகழ்மாலை இவருக்குச் சூட்டப்படவில்லை. இவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் இரண்டே இரண்டு. இரண்டும் 2010-ஆம் ஆண்டிலே. நாகபுரியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக முதன்முதல் மட்டை பிடித்தபோது 56 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த ஆட்டத்தோடு அந்த வாயில் அடைபட்டது. திராவிடும் டெண்டுல்கரும் லட்சுமணனும் நின்ற வரிசையிலே இன்னொருவருக்கு இடம் ஏது?

ஆயினும் பத்ரிநாத்தின் வாழ்வு வீணாயிற்றா? இல்லை. அவர் ஆடிய முதல்தர ஆட்டங்கள் 145. எடுத்த ஓட்டங்கள் பதினாயிரத்துக்கு மேல், சதங்கள் 32, சராசரி 54-க்கு மேல். தமிழ்நாட்டுக்குத் தலைமை தாங்கினார். பின்னர் விதர்ப்பம் அவரை விரும்பி அழைத்தது. அதன் பின் ஐதராபாத் அழைத்தது. பிற மாநில அணிகள் ஊதியம் கொடுத்து அழைக்கும் தொழில்முறை ஆட்டக்காரராகச் சென்று, இளையவர்களை வழிநடத்தி, 2018-இல் ஓய்வு பெற்றார். நாட்டின் அணியிலே இடம் கிடைக்காத ஒருவன் துடுப்பையே தொழிலாகக் கொண்டு மானத்தோடு வாழ்ந்து காட்டினான் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

இருவருக்கும் உள்ள வேறுபாடு திறமையில் இல்லை, அன்பர்களே! பத்ரிநாத்துக்கு ரஞ்சிக் கிண்ணம் என்ற ஒன்று இருந்தது. 1934-இல் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ஆட்டத்தோடு தொடங்கிய போட்டி அது. மாநிலந்தோறும் ஓர் அணி. ஆண்டுதோறும் தவறாத ஆட்டங்கள். அதற்குக் கீழே சென்னையின் கழகப் போட்டிகள். அக்கழகங்களை நடத்தும் நிறுவனங்கள் ஆட்டக்காரருக்கு உத்தியோகமும் கொடுத்தன. 2021-இல் திருத்திய ஊதியத்தின்படி, நாற்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடிய வீரருக்கு ஒரு நாளுக்கு 60,000 இந்திய ரூபாய் கிடைக்கும். நான்கு நாள் ஆட்டத்துக்கு 2,40,000 ரூபாய்.

உழவர்களுக்கு இது விளங்காத செய்தியன்று. நெடுந்தீவிலே ஆறு ஓடவில்லை. மாரி மழை எவ்வளவு பெய்தாலும், தேக்கி வைக்கக் குளமும் துரவும் இல்லையானால் அது கடலுக்கே போகும். சதாசிவம் பெருமழை, தேக்கக் குளம் இருக்கவில்லை. பத்ரிநாத் அளவாகப் பெய்த மழை; குளமும் வாய்க்காலும் இருந்தமையால் பல போகம் விளைந்தது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். இலங்கையில் 1988-89-ஆம் ஆண்டிலே கழகப் போட்டிகள் முதல்தரத் தகுதி பெற்றன. அக்கழகங்களிற் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. வடக்கிலே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904-ஆம் ஆண்டு முதல் மோதிவரும் பெரும் சமர் உண்டு. யாழ்ப்பாணக் கல்லூரியும் பத்திரிசியார் கல்லூரியும் 1917 முதல் ஆடிவரும் பொன் அணிகள் போர் உண்டு. பத்தொன்பது வயது வரை நம் பிள்ளை வீரன். பாடசாலைப் படலையைத் தாண்டியதும் அவன் வேலை தேடுகிறவன்.

லங்கா பிரிமியர் லீக்கிலே யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கிண்ணம் வென்றது. அந்த நான்கு கிண்ணங்களில் ஒன்றுகூட யாழ் மண்ணிலே வெல்லப்பட்டதன்று. மத்திய கல்லூரி மாணவர் வியாஸ்காந்த் 2020-இல் அவ்வணியிலே பந்து வீசி, 2024-இல் ஐதராபாத் அணியிலே ஐ.பி.எல். ஆட்டம் வரை சென்றார். மகிழ்கின்றோம். ஆனால் ஒருவரைக் காட்டி ஒரு மாகாணத்தின் வாயை அடைக்கலாகாது.

2025 செப்டெம்பர் 1-ஆம் நாள் நம் தீவகத்தின் மண்டைதீவிலே சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வரவேற்கின்றோம். ஆனால் மைதானம் குளக்கட்டு மட்டுமே; வாய்க்கால் வேறு. வெளிநாட்டார் ஆட, நாம் அனுமதிச் சீட்டு வாங்கிக் கைதட்டிவிட்டு வருவதற்கா அந்த நிலம்?

ஆகவே மூன்றைக் கேட்போம். வடமாகாணத்துக்கு ஆண்டுதோறும் தவறாமல் ஆடும் முதல்தர அணி ஒன்று வேண்டும். அவ்வணியின் ஆட்டக்காரருக்கு மாத ஊதிய ஒப்பந்தம் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவுப் பிள்ளைகள் பயிற்சிக்குக் கடல் கடந்து வரப் படகுச் செலவும் தங்குமிடமும் வேண்டும். அரசையும் கிரிக்கெட் சபையையும் கேட்பது நம் உரிமை. நம்முள் வசதி படைத்தோர், ஆட்டக்காரனுக்கு ஓர் உத்தியோகம் கொடுத்து ஆடவும் விடுவது நம் கடமை.

இக்கரையிலே எந்தப் பிள்ளையின் கையில் இன்னொரு சதாசிவம் உறங்குகின்றான் என்பதை யாரும் அறியார். அவன் பதினொரு ஆட்டங்களோடு முடிந்துபோனான் என்று நம் பேரர்கள் எழுத நேரக்கூடாது. அதற்கு இன்றே முயல்வோம்.