விற்கிறவரின் மனச்சான்று



நம் காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை எடுக்க வருகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். முந்தானையைத் தடவிப் பார்ப்பார்கள். சேலையைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்ப்பார்கள். ஆனால் சரிகையில் வெள்ளி எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் விற்கிறவரின் சொல்லைத்தான் அவர்கள் நம்ப வேண்டியிருக்கிறது.

பழைய காரை விற்பதும் இப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்போது நம் மாவட்டத்தில் இருந்த முடிச்சூர், தாம்பரம் பகுதிகளில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த எங்கள் பங்கு இல்லத்துக் காரும் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. பழுது பார்த்து ஓட்டினோம். ஆனாலும் மின்சார ஒயர்களில் ஏதோ கோளாறு. எப்போதாவது நடுவழியில் நின்றுவிடும்.

சில ஆண்டுகள் கழித்து அதை விற்க முடிவு செய்தோம். இருக்கை உறைகளை மாற்றியதும் வண்டி புதிதுபோல் ஆனது. “வெள்ளத்தில் நின்றதை ஏன் சொல்ல வேண்டும்? கோவில் கூரை வேலைக்குப் போகிற பணம்தானே, ஃபாதர்” என்றார் ஒருவர். உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அந்தப் பேச்சு இனித்தது.

வாங்க வந்தவர் தறிக் குடும்பத்து இளைஞர். சிகிச்சைக்காக அம்மாவை அடிக்கடி சென்னைக்கு அழைத்துப்போக வேண்டும்; சீட்டு எடுத்த பணத்தோடு வந்திருந்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “சாமியார் வீட்டு வண்டி, நான் என்ன பார்க்கிறது?” என்றார்.

அந்த ஒரு வார்த்தை எங்களைச் சுட்டது. இரவு நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் சாலையில், நோயாளித் தாயோடு அந்த வண்டி நின்றால்? எல்லாவற்றையும் சொன்னோம். நன்றி சொல்லிவிட்டு அவர் வாங்காமலே போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து, குறை தெரிந்த ஒரு மெக்கானிக் நாற்பதாயிரம் ரூபாய் குறைத்து வாங்கினார். அந்த மழைக்காலம் முழுவதும் கோவிலுக்குள் வாளி வைத்தோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்: விற்கிறவர் பொருளின் குறையைச் சொல்லியே ஆக வேண்டுமா? குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிகிற குறை. அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும். ஆனால் வாங்குகிறவருக்கு நட்டமோ ஆபத்தோ தரும் மறைவான குறையைச் சொல்லியே தீர வேண்டும் என்கிறார் அவர். ‘அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. விபத்தில் அடிபட்ட வண்டியும், பின்னோக்கித் திருப்பிய கிலோமீட்டர் மீட்டரும், தீராத வங்கிக் கடனும் இந்த வகையைச் சேர்ந்தவை.

பணம் கைக்கு வந்ததும் கடமை முடிவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் படிவம் 29 வழியாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாமல் பலர் கை மாறிய வண்டி விபத்தை ஏற்படுத்தினாலும், பதிவேட்டில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த வண்டி யார் மீதாவது மோதினால், அடிபட்டவர் குடும்பம் ஈடு கேட்டு அலைய நேரும். பெயர் மாற்றத்தை முடித்துவைப்பதும் பிறரன்புதான்.

ஏற்கெனவே மறைத்து விற்றுவிட்டோம் என்றால்? லூக்கா நற்செய்தியின் சக்கேயுவை நினைத்துப்பாருங்கள். இயேசு அவர் வீட்டுக்குள் வந்ததும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நாம் ஒப்புரவு அருளடையாளத்தைப் பெற்றாலும், பறித்ததை ஈடுசெய்யும் கடமை நம்மிடம் இருக்கிறது. வாங்கியவரின் தொலைபேசி எண் நம் கைபேசியில் இன்னும் இருக்கும். இந்த வாரமே அவரை அழைத்துப் பேசுவோம்.

நம் சொல்லை நம்பி வருகிறவரை ஏமாற்றாத மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.