அயல்நாட்டு எஃகும் நமது சுங்கவரியும்



சென்னையிலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, திண்டிவனத்தை அடைவதற்குச் சற்று முன்னர் ஒலக்கூர் என்னும் ஊரைத் தொட்டுச் செல்கிறது. நெல்லும் மணிலாக்கொட்டையும் விளையும் நாட்டுப்புறம் அது. எஃகு உருக்கும் உலை அங்கே இல்லை. ஆயினும் எஃகு நுழையாத வீடும் அங்கே இல்லை. ஊரைக் கடக்கும் தண்டவாளம் எஃகு. கொட்டகையின்மேல் வேய்ந்த தகடும், துணிமணி வைக்கும் பீரோவும், டிராக்டருக்குப் பின்னே இழுபடும் வண்டியும், அடுக்களையில் கவிழ்த்து வைத்துள்ள எவர்சில்வர் பாத்திரங்களும் எஃகின் வெவ்வேறு வடிவங்களே. ஆகவே, அயல்நாட்டு எஃகின்மீது எவ்வளவு இறக்குமதி வரி விதிப்பது என்ற கேள்வி, புதுதில்லி அதிகாரிகளுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் மட்டும் உரியது அன்று. ஒலக்கூரில் பீரோ வாங்குகிறவரும் அவ்வரியில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். ஆனால் அவர் கொடுப்பது அவருக்கே தெரிவதில்லை; அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை. அரசாங்கம் இத்தகைய வரிகளை ஆராயும்போது யாருடைய குரல் கேட்கிறது, யாருடைய குரல் கேட்பதில்லை என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலிவாகக் கிடைக்கும் பொருளை ஏன் தடுக்க வேண்டும்? அயல்நாட்டான் குறைந்த விலைக்குத் தந்தால் வாங்கிக்கொண்டு போவதுதானே அறிவுடைமை?

மலிவு இரண்டு வகைப்படும். நல்ல தாது, சிறந்த உலை, தேர்ந்த தொழிலாளர் ஆகியவற்றால் ஒரு நாடு குறைந்த செலவில் எஃகு செய்யுமானால் அது இயல்பான மலிவு. அதைத் தடுப்பது நமக்கே நட்டம். இனி வேறொரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒரு டன் தகடு செய்ய ஓர் ஆலைக்கு 100 ரூபாய் செலவாகிறது என்று பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். அந்நாட்டு அரசு நிலத்தைச் சும்மா கொடுக்கிறது; அரசு வங்கிகள் சொற்ப வட்டிக்குக் கடன் கொடுக்கின்றன; மின்சாரம் அடக்க விலைக்கும் கீழே கிடைக்கிறது. இவ்வகையில் 20 ரூபாயைக் கருவூலம் ஏற்றுக்கொள்ள, ஆலை அதே தகட்டை 80 ரூபாய்க்கு நம் துறைமுகத்தில் இறக்குகிறது. 95 ரூபாயில் அதைச் செய்யவல்ல நம் ஆலை, திறமையில் மேம்பட்டிருந்தும் சந்தையில் தோற்கிறது. இங்கே நம் ஆலையோடு போட்டியிடுவது மற்றோர் ஆலை அன்று, ஓர் அரசின் கருவூலம். அந்த 20 ரூபாயை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டும் விதிக்கப்படும் வரிக்கு எதிரீட்டு வரி என்று பெயர்.

இது புதிதாகப் புறப்பட்ட கருத்து அன்று. 1899-ஆம் ஆண்டிலேயே, கர்சன் பிரபு வைசிராயாக இருந்தபோது, இந்தியாவில் இத்தகைய சட்டம் பிறந்தது. அன்று அது எஃகுக்காக எழவில்லை, சர்க்கரைக்காக எழுந்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் தங்கள் பீட்டுக்கிழங்குச் சர்க்கரையை ஏற்றுமதி செய்பவருக்கு ஊக்கத்தொகை கொடுத்தன. அச்சர்க்கரை இங்கே வந்து கரும்பு ஆலைகளை மலிவால் நெருக்கியது. ஊக்கத்தொகை எவ்வளவோ அவ்வளவு வரி என்று அச்சட்டம் வகுத்தது. 1902-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய நாடுகள் அவ்வூக்கத்தொகைகளையே கைவிட உடன்பட்டன.

எஃகுக்கு வருவோம். நம் பகுதியினர் மறந்துவிட்ட ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். ஒலக்கூரும் திண்டிவனமும் நெடுங்காலம் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், பரங்கிப்பேட்டைக் கடற்கரையில், 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்று எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தை விட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அதை நிறுவினார். சேலத்துத் தாதும், காடுகளில் வெட்டிச் சுட்ட கரியும் அதற்கு மூலப்பொருள்கள். கம்பெனி முன்பணமும் கொடுத்தது, தனியுரிமையும் கொடுத்தது. இன்றைய மொழியில் சொன்னால், அதுவும் மானியம் பெற்ற எஃகுதான்! அவ்வாலையின் இரும்பு இங்கிலாந்திலுள்ள ஷெப்பீல்டு நகருக்கு எஃகு செய்வதற்காகக் கப்பலேறிற்று. ஆனால் கரிக்காகக் காடுகள் அழிந்தன. தாது தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. நிலக்கரி கொண்டு உருக்கிய ஆங்கிலேய இரும்பின் விலைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. கைமாறிக் கைமாறி, அந்நூற்றாண்டு முடியுமுன் உலைகள் அணைந்துபோயின. அரசின் கைத்தாங்கல் மட்டும் ஒரு தொழிலை நிலைநிறுத்திவிடாது என்பதற்கு வெளிநாட்டில் சான்று தேட வேண்டியதில்லை.

அந்நாளில் அயல் இரும்புக்கு இங்கே கதவு அகலத் திறந்திருந்தது. 1894-இல் பொதுவான இறக்குமதி வரி 5 சதவிகிதமாக இருக்க, இரும்புக்கும் எஃகுக்கும் 1 சதவிகிதம்தான். அது 1916-இல் 2½ ஆகவும், 1922-இல் 10 ஆகவும் உயர்ந்தது. இவையெல்லாம் அரசின் வருவாய்க்காக உயர்த்தப்பட்டவை. தொழிலைக் காக்க அல்ல.

காக்கும் வரி 1924-இல் வந்தது. 1907-இல் தோன்றி 1912-இல் எஃகு வார்க்கத் தொடங்கிய டாட்டா ஆலை, முதல் உலகப் போர் முடிந்தபின் பெரும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. போர்க்காலத்து விலைகள் சரிந்தன. பெல்ஜியம் முதலிய ஐரோப்பிய நாடுகளின் நாணய மதிப்பு வீழ்ந்தமையால் அவற்றின் எஃகு வியக்கத்தக்க மலிவில் வந்திறங்கிற்று. 1923-இல் அமைக்கப்பட்ட சுங்கவரி வாரியம் இதனை ஆராய்ந்தது. ஜார்ஜ் ரெய்னி தலைவர், வி. ஜி. காலே, பி. பி. கின்வாலா உறுப்பினர்கள். இவ்வாரியம் பணியாற்றிய முறை இன்றும் கற்கத்தக்கது. எஃகு செய்வோரை மட்டும் அழைத்து அது கேட்கவில்லை. எஃகை வாங்கிப் பாலங்களும் ரயில் பெட்டிகளும் கட்டுவோரையும், மண்வெட்டி, குந்தாலி முதலிய கருவிகள் செய்வோரையும் விசாரித்தது. அவர்கள் சொன்ன சாட்சியங்கள் தொகுதி தொகுதியாக அச்சிடப்பட்டன. எவரும் வாங்கிப் படிக்கலாம்.

வாரியம் எல்லாப் பொருளுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கவில்லை என்பதே எனக்கு மிகவும் பிடித்தமான பகுதி. சில வகைகளுக்கு வரி. தண்டவாளத்துக்கு வரிக்குப் பதிலாக ஆலைக்கு அரசே பணம் கொடுக்கும் மானியம். இவ்விரண்டுக்கும் வேற்றுமை யாது? வரி விதித்தால் பொருளின் விலை ஏறுகிறது. சுமை விலைக்குள் ஒளிந்துகொள்கிறது. வாங்குகிறவன் அறியாமலே அதைச் சுமக்கிறான். மானியம் கொடுத்தால் அத்தொகை வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதப்பட்டுச் சட்டசபையின் முன் வருகிறது. ஆண்டுதோறும் 'இன்னும் எத்தனை நாளைக்கு?' என்று உறுப்பினர்கள் கேட்கலாம். ஒன்று கண்ணுக்குத் தெரிந்த செலவு. மற்றது கண்ணுக்குத் தெரியாத செலவு. சுங்கவரி பற்றிய எந்த விவாதத்திலும் இவ்வேற்றுமையை நீங்கள் முதலில் தேடிப் பாருங்கள்.

1927-இல் அப்பாதுகாப்பு நீட்டிக்கப்பட்டபோது பிரிட்டிஷ் எஃகுக்குக் குறைந்த வரி, பிற ஐரோப்பிய எஃகுக்குக் கூடுதல் வரி என்று பாகுபாடு புகுந்தது. தொழிலைக் காக்க வந்த வரி சாம்ராஜ்யத்தைக் காக்கும் வரியாயிற்று என்று சட்டசபையில் கண்டனம் எழுந்தது. எனினும் ஆலை தேறியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே அதன் எஃகு உலகின் மலிவான எஃகுகளுள் ஒன்றாகிவிட்டது; 1947-இல் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. காப்பு வரி தன் வேலை முடிந்தபின் தானே விலகிப் போனதற்கு நம் வரலாற்றில் காட்டத்தக்க எடுத்துக்காட்டுகள் பல இல்லை. இது அவற்றுள் ஒன்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். உலகில் உருகும் எஃகில் பாதிக்கு மேல் இன்று சீனாவில் உருகுகிறது. அந்நாட்டில் வீடு கட்டும் வேலை தளர்ந்தால் மிஞ்சிய எஃகு கடல் கடந்து புறப்படுகிறது. 2015-இலும், மீண்டும் 2024-இலும் அதன் ஏற்றுமதி ஆண்டுக்கு 11 கோடி டன்னை எட்டியது. எவர்சில்வர் தகட்டின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் மாநிலத்துக்கு அதில் நேரடித் தொடர்பு உண்டு. 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சேலம் உருக்காலை செய்வது எவர்சில்வர் தகடு. அத்தகட்டை வாங்கிப் பாத்திரமாகவும் மாவரைக்கும் கிரைண்டராகவும் மாற்றும் பட்டறைகள் நிறைந்திருப்பதும் கோயமுத்தூர் முதலிய நம் ஊர்களில்தான். செய்பவனும் நம்மவன், வாங்குபவனும் நம்மவன். இருவர் நலனும் ஒரே தகட்டின் விலையில் முட்டிக்கொள்கின்றன.

சீனாவின் எவர்சில்வர் தகடுகளுக்கு அந்நாட்டு அரசு மானியம் அளிக்கிறது என்று நம் ஆலைகள் முறையிட, விசாரணை நடந்து, 2017 செப்டம்பரில் 18.95 சதவிகித எதிரீட்டு வரி ஐந்தாண்டுகளுக்கு விதிக்கப்பட்டது. பின்னர் இந்தோனேசியாவில் தொடங்கப்பட்ட சீன ஆலைகளிலிருந்து தகடு பெருகி வந்தது. முன்கதவை அடைத்தால் பக்கத்துக் கதவால் வருவது வணிகத்தின் இயல்பு. 2020 அக்டோபரில் இந்தோனேசியத் தகட்டுக்கும் தற்காலிக வரி விதிக்கப்பட்டது. அதற்குள் உலகெங்கும் எஃகின் விலை ஏறத் தொடங்கிற்று. தகடு வாங்கும் சிறுதொழிலாளர் தத்தளித்தனர். 2021 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் இந்தோனேசிய வரி நீக்கப்பட்டது. சீன வரி நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில், உலோக விலைகள் உயர்ந்திருப்பதைக் காரணம் காட்டி, பொதுநலன் கருதி அதுவும் அடியோடு ரத்தாயிற்று. ஐந்தாண்டு இருக்க வேண்டிய வரி மூன்றரை ஆண்டே நடைமுறையில் இருந்தது.

இம்முடிவு சரியா? சிறு பட்டறைக்காரரின் துயர் உண்மை; அதைத் தீர்க்க அரசு முன்வந்தது நன்றே. ஆனால் வரி விதிக்கக் காரணமாக இருந்தது மானியம். நீக்கக் காரணமாகக் காட்டப்பட்டது விலை. சீனாவின் மானியம் நின்றுவிட்டதா என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே வரி போயிற்று. அதுபோலவே 2017-இல் வரி விதித்தபோது பட்டறைக்காரரின் செலவு போதிய அளவு எடைபோடப்பட்டிருந்தால், பின்னால் இவ்வாறு திடீரென்று திரும்ப நேர்ந்திருக்குமா என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஒரு தரப்பைக் கேட்டு விதித்து, மறுதரப்பின் கூக்குரலைக் கேட்டு நீக்குவதைக் காட்டிலும், இருதரப்பையும் ஒரே மேசையில் அமர்த்திக் கேட்பது மேல் என்பது என் கருத்து.

அத்தகைய மேசை சட்டப்படி இருக்கவே செய்கிறது. 1975-ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டத்தின் கீழ் இவ்விசாரணைகளை மத்திய வணிக அமைச்சகத்தைச் சேர்ந்த வணிகப் பரிகாரத் தலைமை இயக்குநரகம் நடத்துகிறது. முறையீடு வந்ததும் அறிவிப்பு வெளியாகும்; அயல்நாட்டு அரசும் ஏற்றுமதி செய்வோரும் விடையளிக்கலாம்; நேரில் வாதிடவும் வாய்ப்புண்டு. முடிவில் இயக்குநரகம் பரிந்துரை செய்கிறது; விதிப்பதும் விடுப்பதும் நிதி அமைச்சகத்தின் உரிமை. பொருளைப் பயன்படுத்தும் தொழிலாளரும் தரப்பினராகச் சேர்ந்து தம் கணக்கைக் காட்டலாம். காட்டலாம் என்பது சட்டம். காட்ட முடிகிறதா என்பது வேறு. பெரிய ஆலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. வழக்கறிஞரும் கணக்கரும் அவற்றுக்கு உண்டு. நான்கு பேர் வேலை செய்யும் பீரோப் பட்டறை, எத்தனை டன் தகட்டை எந்த விலைக்கு எந்த மாதம் வாங்கியது என்று படிவம் நிரப்பி, தில்லிக்கு ஆள் அனுப்புமா?

2025 ஏப்ரல் 21 முதல் சாதாரண எஃகுத் தகடுகள்மீது 12 சதவிகிதப் பாதுகாப்பு வரி 200 நாளைக்கு விதிக்கப்பட்டது. ஆண்டு இறுதியில் அது மூன்றாண்டு வரியாக உறுதிசெய்யப்பட்டு, 12, 11½, 11 என்று ஆண்டுக்காண்டு சற்றே குறையும்படி அமைக்கப்பட்டது. இது எதிரீட்டு வரி அன்று. மானியம் உண்டென்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை, இறக்குமதி திடீரெனப் பெருகி உள்நாட்டுத் தொழில் தீங்குற்றது என்று காட்டினால் போதும். எவர்சில்வர் இதில் சேரவில்லை. வீடு கட்டும் கம்பியும் சேரவில்லை. பீரோவுக்கும் கூரைக்கும் ஆகும் தகடு சேர்ந்திருக்கிறது. இயந்திரப் பொருள்கள் செய்து ஏற்றுமதி செய்யும் சிறுதொழில்துறையினர் தங்கள் செலவு ஏறும் என்று மறுப்புத் தெரிவித்தனர். ஆலைகள் தங்கள் புதிய முதலீடுகள் நின்றுபோகும் என்று வாதிட்டன.

அவ்விருவர் வாதங்களும் இயக்குநரகத்தின் அறிக்கையில் அடுத்தடுத்து அச்சாகியுள்ளன. கல்லூரியில் பொருளாதாரம் பயில்வோர் அவ்வறிக்கையை எடுத்து, தகடு செய்வோர் பேசுவது எத்தனை பக்கம், தகடு வாங்குவோர் பேசுவது எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். பின்பு நூலகத்தில் 1924-ஆம் ஆண்டு வாரியத்தின் சாட்சியத் தொகுதிகள் கிடைக்குமானால் அவற்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.