காசி யாத்திரைக்குரிய பருவம்



நம்மவருட் பலர் காசி யாத்திரையை முதுமைக்கென்றே ஒத்திவைக்கின்றனர். கண்ணொளி குன்றி முழங்கால் தளர்ந்தபின் சென்று, பிதிர்க்கடன் முடித்தவுடனே இரயிலேறித் திரும்புகின்றனர். இஃது எனக்கு உடன்பாடன்று. குமரகுருபர அடிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஆண்டு மடம் நிறுவியதும், பாரதியார் 1898இல் இளைஞராய்ச் சென்று பயின்றதும் பிண்டமிடுதற்கோ?

செல்வதாயின் மாசி பங்குனியிற் செல்க. கார்காலத்தே கங்கை பெருகிப் படித்துறைகளை மூழ்குவிக்கும். துறைக்குத் துறை நடத்தல் இயலாது. மார்கழி தையிலோ மூடுபனியால் இரயில் வண்டிகள் தாமதிக்கும். இளவேனிற் றொடக்கத்தில் நீர் தாழ்ந்து, தெற்கே அசி முதல் வடக்கே இராஜகாட் வரை படிகளெல்லாம் புலனாகும். அங்கே கங்கை வடக்கு நோக்கி ஓடுதலின், கேதாரத்துறையில் நிற்பார் எதிர்க்கரையில் ஞாயிறெழக் காண்பர். மகாசிவராத்திரியும் இப்பருவத்ததே. பால்குன வளர்பிறை ஏகாதசியில் விசுவநாதர் அம்பிகையைப் புக்ககம் அழைத்துவரும் விழா; அன்று செம்பொடி தூவுவார் கைக்கு வெள்ளுடையார் ஒருவரும் தப்பார்!

இன்றுள்ள கோயில் இந்தூர் அரசி அகல்யாபாய் 1780இல் எடுப்பித்தது. 2021 டிசம்பரில் திறந்த பெருவழியால் கங்கைக்கரையினின்று நேரே சந்நிதி அடையலாம். எனினும் எஞ்சிய பழஞ்சந்துகளிற் புகாதார் காசியைக் கண்டாரல்லர். அவற்றுக்கு நல்ல கால்கள் வேண்டும்.

ஆதலின், அடுத்த மாசியில் நம் சங்கத்தார் கூட்டிச்செல்லும் குழுவில் அறுபது கடந்தார்க்கே இடமென்னும் விதியை நீக்கி, நம் மாணாக்கரையும் சேர்க்குமாறு வேண்டுகின்றேன்.