பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கே?



ஆகாய கங்கை அருவி கொட்டும் நம் கொல்லிமலையிலும் கோடையில் ஊற்றுகள் வற்றுகின்றன. தண்ணீர் இல்லாத பள்ளிக் கழிப்பறைக்குப் பூட்டுத்தான் விழும். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வரவே தயங்குவார்கள்.

மலைக்குக் கீழே, காவிரிக் கரையிலுள்ள முசிறியைப் பாருங்கள். அங்கே 2006-ஆம் ஆண்டில் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம், நெதர்லாந்து நாட்டு ‘வேஸ்ட்’ அமைப்பின் உதவியோடு ஒரு பொதுக் கழிப்பறை கட்டியது. அதில் மலமும் சிறுநீரும் தனித்தனியே சேரும். மலத்தின்மேல் தண்ணீருக்குப் பதில் சாம்பல் தூவுவார்கள். கால் கழுவிய நீர் செடிகளுக்குப் போகும். தொட்டியில் மூடி வைத்தது பல மாதங்களில் எருவாகிவிடும்.

ஆகவே, வெளிநாட்டு உதவி வந்தால் சுவரும் கூரையும் மட்டும் கேட்காதீர்கள்; தண்ணீர் அதிகம் கேட்காத கழிப்பறையைக் கேளுங்கள். ஆனால் தினமும் சாம்பல் கொண்டுபோய் வைப்பது யார்? அதை வெளிநாட்டுப் பணம் செய்யாது. பெற்றோராகிய நாம்தாம் செய்ய வேண்டும்.