தேர்தற் காலமும் உரிமத் துப்பாக்கியும்



தேர்தல் தேதி வெளியாகி நடத்தை விதிகள் அமலுக்கு வந்த மாத்திரத்தில் நம் சென்னை நகரப் போலீஸ் கமிஷனர் பிறப்பிக்கும் உத்தரவுகளுள் ஒன்று, உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் யாவரும் அதனை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதாகும். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட இந்தக் கரையில் அவ்வுத்தரவுக்குத் தலைவணங்குகிறவர் யார் என்று எண்ணும்போது, வேட்டைப் பிரியரான ஜமீன்தார் எவரும் என் நினைவில் எழுவதில்லை. பட்டாளத்தில் உழைத்து ஓய்வு பெற்று, சொந்தப் பணத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கி, அதன் துணைகொண்டே நகைக்கடை வாசலிலோ கிடங்கின் வாசலிலோ இரவெல்லாம் காவல் நின்று ஜீவனம் நடத்தும் முன்னாள் படைவீரரே எழுகிறார். அவர் பொருட்டே இன்று பேச வந்தேன்.

ஆயுதச் சட்டம் நம் தேசத்தில் அவமானத்தின் சின்னமாகவே பிறந்தது. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் அது இயற்றப்பட்டபோது, ஐரோப்பியருக்கு விலக்கும் இந்தியப் பிரஜைக்கு உரிமக் கட்டாயமும் என்று இருவேறு நீதி வகுக்கப்பட்டது. 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் காங்கிரஸ் மகாசபை இதே சென்னையில் கூடியபொழுது, இளைஞராயிருந்த விபின சந்திர பாலர் அச்சட்டத்துக்கு எதிராக முழங்கினார் என்பது இந்நகரத்தார் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. சுதந்திர பாரதம் 1959-இல் வேறொரு சட்டம் செய்தது. 1962 அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. நிற பேதம் நீங்கிற்று. உரிமத்தை நிறுத்தி வைப்பதானாலும் ரத்து செய்வதானாலும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்னும் நெறியும் அதில் இடம் பெற்றது. 2019-இன் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமத்தின் ஆயுளை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது.

அமெரிக்காவில் ஓர் ஊராட்சி துப்பாக்கியைக் கட்டுப்படுத்த முற்பட்டால் நிகழ்வது வேறு. 1981-இல் இல்லினாய்ஸ் மாகாணத்து மார்ட்டன் குரோவ் என்னும் சிற்றூர் கைத்துப்பாக்கியைத் தடை செய்யவும், மறு ஆண்டே ஜார்ஜியாவின் கென்னசா நகரம், குடும்பத் தலைவர் ஒவ்வொருவரும் துப்பாக்கி வைத்திருந்தே ஆக வேண்டும் என்று எதிர்விதி இயற்றியது. சிகாகோ நகரின் தடை 1982 முதல் நிலவி, 2010-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் வீழ்ந்தது. அங்கே துப்பாக்கி அரசியல் சாசனம் ஈந்த உரிமை; இங்கே சர்க்கார் நம்பி அளித்த அனுமதி. ஆகவே நம்மவர் எதிர்த்துக் கூச்சலிடுவதில்லை; துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் செல்கிறார்கள். அந்தப் பணிவை நான் மெய்யாகவே மதிக்கிறேன். மதிப்பதனாலேயே, அதனை அதிகாரம் எளிதாக எடுத்துக்கொள்ளலாகாது என்கிறேன்.

நீதிமன்றம் சென்றவர்களும் உண்டு. அவர்கள் கேட்டது கட்டற்ற உரிமையையன்று. தம்மைத் தனியே விசாரித்து முடிவு செய்யுங்கள் என்பதையே. பம்பாய் உயர்நீதிமன்றம் 2009-இல் அக்கோரிக்கைக்குச் செவி சாய்த்தது. அதையொட்டித் தேர்தல் ஆணையமும், உரிமதாரர் ஒவ்வொருவரையும் பரிசீலிக்கக் குழு ஒன்று அமைய வேண்டும் என்றும், ஜாமீனில் வெளிவந்தோர், குற்றப் பின்னணி உடையோர், முன்பு கலவரத்தில் ஈடுபட்டோர் ஆகியோரைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்றும் வகுத்தது. 2024 மார்ச்சில் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வும், பொத்தாம்பொதுவான உத்தரவால் எல்லோரையும் ஒப்படைக்கக் கட்டாயப்படுத்தலாகாது என்றே கூறிற்று. ஏட்டிலே நெறி இவ்வளவு தெளிவாக இருக்க, வேளை வரும்போது எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

கட்டுப்பாடே வேண்டாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. வாக்குச்சாவடிக்குச் செல்லும் ஏழைப் பெண்ணின் அச்சமின்மை, எந்த உரிமதாரருடைய சௌகரியத்தையும்விடப் பெரிது. ஆனால் வடசென்னையின் கொலைச் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருவோர் அறிவர்: அவற்றில் மீண்டும் மீண்டும் வருவன வீச்சரிவாளும் நாட்டு வெடிகுண்டும். அவற்றுக்கு உரிமமும் இல்லை, ஒப்படைக்கும் நாளும் இல்லை. சட்டத்துக்கு அடங்கியவனின் துப்பாக்கியை வாங்கி அலமாரியில் வைத்த அளவில் கடமை முடிந்ததென்று எவரும் ஆறுதல் கொள்ளலாகாது.

வங்கிக் காவலருக்கும் துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரருக்கும் விலக்களிப்பது வழக்கம். நகைக்கடைக் காவலருக்கோ, அவர் வங்கியின் ஊழியர் அல்லர் என்பதனாலேயே, அவ்விலக்கு தானாக வந்து சேர்வதில்லை. துப்பாக்கி இன்றி அவர் வேலைக்குச் சென்றால் முதலாளி ஏற்பாரா? தேர்தல் அறிவிப்பிலிருந்து முடிவு வெளியாகும்வரை மாதக்கணக்கில் நீளும் காலத்துக்கு அவருடைய கூலிக்கு யார் பொறுப்பு? விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கும் பரிசீலனைக் குழுவின் கதவு திறக்க வேண்டுமானால், உத்தரவோடு சேர்த்தே விலக்குக் கோரும் படிவமும் தமிழில் ஒவ்வொரு நிலையத்திலும் வைக்கப்படல் வேண்டும்.

இன்னொன்று, சிறிதாகத் தோன்றினும் சிறிதன்று. கடற்கரையை ஒட்டிய இந்தப் பகுதியின் உப்புக் காற்று இரும்பை விரைவில் தின்றுவிடும். ஒப்படைக்கும் நாளிலேயே துப்பாக்கியின் எண்ணையும் குழலின் நிலையையும் தோட்டாக்களின் எண்ணிக்கையையும் ரசீதில் எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிட வேண்டும். எண்ணெய் பூசி வைக்க உடையவரை இடையில் ஓரிரு முறை அனுமதிக்க வேண்டும். முடிவு வெளியான ஒரு வாரத்துக்குள், அலைக்கழிக்காமல் திருப்பித் தர வேண்டும். துருவேறிய துப்பாக்கியைப் பழுது பார்க்கும் செலவு இன்று அக்காவலரின் தலையிலேயே விழுகிறது. அதை அரசே ஏற்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து வற்புறுத்துகிறேன்.