பாங்கொலியும் மின்விளக்கும்

 

வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து சனி இரவு வரை யூதர்களுக்கு ஸப்த் நாளாகும். அந்நாளில் நெருப்பு மூட்டலாகாது என்பது அவர்களது வேதக் கட்டளை. மின்விளக்கு ஏற்றுவதும் அதனைச் சார்ந்ததே எனக் கருதி, மார்க்கப் பற்றுள்ளோர் ஆளியைத் தொடுவதில்லை. முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த கருவி விளக்கை ஏற்றி அணைக்கும். எனினும், உயிர் காக்கும் தேவை எழுந்தால் அத்தடை நீங்கிவிடும்.

நமது மார்க்கம் நாள் முழுவதையும் ஓய்வாக்கவில்லை. ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை நிறுத்த வேண்டும். தொழுகை நிறைவேறியதும் வெளியே சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடலாம். ஸூரத்துல் ஜும்ஆவின் 9, 10ஆம் வசனங்கள் கற்பிப்பது இதுவே.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி நம்மவர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவில் பாங்கொலி ஓய்ந்தது. அதனை மீண்டும் கேட்க ஏங்கியவாறே புத்தளத்தில் மரணித்தோர் பலர். இன்று அவ்வொலி மீண்டும் எழுகின்றது. அவ்வேளையில் நமது கடைகள் திறந்திருப்பதும், குத்பாவின் நடுவே கையடக்கத் தொலைபேசி ஒலிப்பதும் தகுமா? ஒரு நாள் முழுவதும் ஆளியைத் தொடாதிருக்க அவர்களுக்கு இயலுமாயின், ஒரு மணி நேரம் நமக்கு இயலாதா?