கடலுக்கு அடியில் ஒரு மின்கம்பி



நம்மில் பெரியவர்களுக்கு ஒரு காட்சி நன்றாக நினைவிருக்கும். தோட்டத்து டீசல் இன்ஜின் ஓடும்வரைதான் அன்று லயத்து வீடுகளில் விளக்கு எரியும். இரவில் இன்ஜின் நின்றதும், பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிப் பாடம் படிப்பார்கள். பிறகு வெளியிலிருந்து மின்கம்பி வந்தது; இருட்டு போயிற்று. இன்று நாம் பேசப்போவதும் ஒரு மின்கம்பியைப் பற்றித்தான். ஆனால் இது கடலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் கேபிள்.

கடலில் மலையும் இல்லை, காடும் இல்லை. காற்று தடையின்றி வீசும். ஆகவே கடலிலேயே காற்றாலைகளை நிறுத்தி மின்சாரம் எடுக்கிறார்கள். இதை முதலில் செய்து காட்டியது டென்மார்க் நாடு. 1991-ஆம் ஆண்டில் விண்டபி என்னுமிடத்தில் 11 காற்றாலைகளை அது நிறுவியது. கடலில் பிறக்கும் மின்சாரம் கரைக்கு வந்தால்தானே நமக்குப் பயன்? அதற்காகவே கடலடி மண்ணைக் கீறி, கேபிளைப் புதைக்கிறார்கள்.

அப்படிப் புதைப்பதால் கடலுக்கு என்ன நேருகிறது?

புதிதாகக் கான் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கான் வெட்டிய மறுநாள் மழை பெய்தால், ஓடைத் தண்ணீர் செந்நிறமாகிவிடும் அல்லவா? கடலிலும் அப்படியே. கேபிள் புதைக்கும் கருவி தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கிளறும்போது கடல் கலங்குகிறது. மணல் விரைவில் படிந்துவிடும். சேறோ நீரோட்டத்தோடு தொலைவுக்குப் போய், சிப்பிகள்மீதும் மீன் முட்டைகள்மீதும் படியும். மணல் தரை பெரும்பாலும் விரைவில் தேறிவிடும். கடற்புல் வளர்ந்த தரையும் பவளப் பாறையும் தேறப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இரண்டாவது, காந்தப்புலம். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. சுறாவும் திருக்கையும் மிக நுண்ணிய மின்புலத்தைக்கூட உணரக்கூடியவை. விலாங்கு மீனுக்கும் காந்தத்தை உணரும் ஆற்றல் உண்டு. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 60 விலாங்குகளில் ஒலி அனுப்பும் கருவியைப் பொருத்திக் கவனித்தார்கள். கேபிள் கிடக்கும் பகுதியில் அவை வேகம் குறைந்து நீந்தின என்பது 2008-இல் வெளியான முடிவு. ஆயினும் அவற்றின் பயணம் நின்றுவிடவில்லை. ஸ்காட்லாந்தில் நண்டுகளைத் தொட்டியில் விட்டுச் சோதித்தார்கள். காந்தப்புலம் மிக வலுவாக இருந்தபோது, நண்டுகள் அந்த இடத்தை நாடிச் சென்று, அசையாமல் அங்கேயே தங்கிவிட்டன. இது 2021-இல் வெளிவந்தது. மண்ணால் காந்தப்புலத்தைத் தடுக்க முடியாது. ஆனால் கேபிளிலிருந்து விலக விலக அது வேகமாகக் குறையும். கேபிளின் சூடும் அப்படித்தான். ஆழமாகப் புதைத்தால் இரண்டும் மேலே வாழும் உயிர்களை அதிகம் எட்டுவதில்லை.

ஆகவே, எவ்வளவு ஆழம் என்பதே பெரிய கேள்வி.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பிளாக் தீவு என்ற சிறிய தீவு இருக்கிறது. நம் பழைய தோட்டங்களைப் போலவே அங்கும் டீசல் இன்ஜின்தான் விளக்கெரித்தது. அந்தத் தீவை ஒட்டிய கடலில் 2016-ஆம் ஆண்டு இறுதியில் 5 காற்றாலைகள் மின்சாரம் தரத் தொடங்கின. காற்றாலைகளிலிருந்து தீவுக்கு ஒரு கேபிள், தீவிலிருந்து நிலப்பகுதிக்கு ஒரு கேபிள் என இரண்டைப் போட்டார்கள். 2017 மே மாதத்தில் டீசல் இன்ஜின்கள் ஓய்ந்தன. புகையும் இரைச்சலும் போயின.

ஆனால் ஒரு குறை நேர்ந்தது. மக்கள் குளிக்கும் கடற்கரைக்கு அருகில் கேபிள் போதிய ஆழத்தில் புதைக்கப்படவில்லை. அலை மணலை அரித்தது. கேபிள் வெளியே தெரிந்தது. முடிவில், 2020-ஆம் ஆண்டு இறுதியில் மறுபடியும் அங்கே வேலை தொடங்கியது. கடற்கரைக்கு அடியில் ஆழமாகத் துளையிட்டுக் கேபிளை மாற்றிப் போட்டார்கள். ஆறியிருந்த தரையில் மீண்டும் ஒரு காயம்!

நாம் பணியாற்றிய ஒரு தோட்டத்தில் தண்ணீர்ப் பைப்பை ஒரு சாண் ஆழத்தில் புதைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் மண் கரைந்தது. செம்பனைக் குலை ஏற்றிவந்த டிராக்டர் பைப்பின்மேல் ஏறியது. மூன்று நாள் லயத்துக்குத் தண்ணீர் இல்லை. அன்று ஒரு மூதாட்டி சொன்னார்: “ஒரு மண்வெட்டி ஆழம் கூட வெட்டியிருந்தா இந்த வாளியத் தூக்க வேண்டியதில்ல சார்.” பிளாக் தீவின் பாடமும் அதுவே.

இதனால் கடற்காற்றாலையே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. டீசல் புகையும் நிலக்கரிப் புகையும் செய்யும் கேடு பெரிது. ஆனால் தூய்மையான மின்சாரம் என்பதற்காக, அதைக் கொண்டுவரும் வழியில் கவனக்குறைவு கூடாது. கடற்புல்லையும் பவளத்தையும் விலக்கிப் பாதை வகுக்க வேண்டும். மீன் முட்டையிடும் காலத்தைத் தவிர்த்து வேலை செய்ய வேண்டும். போதிய ஆழத்தில் புதைத்து, பின்னரும் பார்த்துவர வேண்டும். அந்தக் கடலை நம்பி வாழும் மீனவரின் சொல்லையும் முதலிலேயே கேட்க வேண்டும். நீரோட்டம் எங்கே மணலை அரிக்கும் என்பதை அவர் அறிவார்.

பெற்றோர்களே, இன்றிரவு விளக்கைப் போடும்போது, “இந்த வெளிச்சம் எங்கிருந்து, எந்த வழியாக வருகிறது?” என்று உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால், மறுநாள் பள்ளியில் ஆசிரியரைக் கேட்கட்டும். அந்தக் கேள்வியோடு ஒரு பிள்ளை வகுப்புக்கு வருமானால், இந்தப் பேச்சு வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.